ஆகஸ்ட்ல ஜப்பான் கிராமப்புறம், கூட சுத்த சைவ அம்மா: சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

உங்க கேள்வி "நல்ல ஹோட்டல் லிஸ்ட் குடுங்க"ன்னு முடிஞ்சாலும் நீங்க உண்மையில கேக்கறது வேறன்னு நினைக்கறேன். ஆகஸ்ட் 9ல இருந்து 18 வரை நீங்க, உங்க மனைவி, அம்மா மூணு பேரும் போறீங்க, டோக்கியோ, கியோட்டோ கூட்டம் வேணாம், மலைப்பக்கம் கிராமம் கிராமமா போகணும், உங்க ரெண்டு பேருக்கும் மீன், கோழி ஓகே ஆனா மாடு வேணாம், அம்மா சைவம் (பால், தயிர் ஓகே, முட்டை கூடாது). அப்போ கேள்வி என்னன்னா, அம்மா பட்டினி கிடக்காம, நீங்களும் பத்து நாளும் ரெடிமிக்ஸ் உப்புமாவுலயே ஓட்டாம, அந்த ஊர் சாப்பாட்டை அந்த ஊர்லயே ரசிச்சு சாப்பிட்டு வர முடியுமா? முடியும். ஆனா லிஸ்ட் வச்சு முடியாது, ஏன்னு சொல்றேன்.

நான் நாகோயா பக்கம் பல வருஷமா வேலை பாக்கறவன், லீவு நாள்ல நம்மூர்ல இருந்து வர்ற குடும்பங்களை கிஃபு, நகானோ மலைப்பக்கம் கூட்டிட்டுப் போறதும் பழக்கம், அதனால நான் சொல்றது எல்லாம் இந்த மத்திய ஜப்பான் மலைப்பகுதியை வச்சுத்தான். ஹொக்கைடோ, ஒகினாவா ரெண்டும் சாப்பாட்டுல வேற உலகம், அதுக்கு இந்தப் பதிலை நம்பாதீங்க.

முதல்ல மனசுல ஏத்திக்க வேண்டியது கடிகாரம். கிராமத்துல மதியச் சாப்பாடுன்னா 11 மணிக்குத் திறந்து 2 மணிக்கு மூடிடுவாங்க, லாஸ்ட் ஆர்டர் ஒன்றரைக்கே முடிஞ்சிடும், நல்ல சோபா நூடுல்ஸ் கடையா இருந்தா அன்னைக்குப் பிசைஞ்ச மாவு தீர்ந்ததும் ஒரு மணிக்கே போர்டைத் திருப்பி வச்சுடுவாங்க. ராத்திரி இன்னும் மோசம், ஏழரைக்கு மேல ஒரு சின்ன ஊர்ல கடை தேடினா பீர் குடிக்கிற இஸாகாயாவும் வெண்டிங் மெஷினும்தான் மிஞ்சும். வாரத்துல ஒரு நாள் கட்டாயம் லீவு, அது பெரும்பாலும் செவ்வாயோ புதனோ, அந்த ஊர்ல இருக்கற நாலு கடையும் ஒரே நாள் லீவு விடறதும் நடக்கும். "சுத்திப் பாத்துட்டு மூணு மணிக்குச் சாப்பிடலாம்"ங்கற நம்ம பழக்கம் அங்க செல்லாது. பதினொன்றரைக்கு தட்டு முன்னாடி உக்காந்துடணும், மத்ததெல்லாம் அதைச் சுத்தி பிளான் பண்ணுங்க.

ரெண்டாவது, நீங்க தேர்ந்தெடுத்த தேதி. ஆகஸ்ட் 11 மலை தினம்னு அரசு விடுமுறை, 13ல இருந்து 16 வரைக்கும் ஓபோன், அதாவது முன்னோர்கள் வீட்டுக்கு வர்ற நாட்கள்னு நாடு முழுக்க எல்லாரும் சொந்த ஊருக்குக் கிளம்பற நேரம். ரூம் விலை ஏறும், ஹைவே நெரிசல் ஆகும், இது நிச்சயம். கடை திறந்திருக்குமாங்கறது மட்டும் கடைக்குக் கடை மாறும்: டூரிஸ்ட் வர்ற ஊர்ல ஓபோன் முடியற வரைக்கும் விடாம திறந்து வச்சுட்டு அடுத்த வாரம் மூடுவாங்க, உள்ளூர் ஆளுங்களுக்காக நடத்தற குடும்பக் கடையில அந்த நாலு நாளும் மூடுவாங்க. இந்த நாட்கள்ல கூகுள் மேப்ல போட்டிருக்கற டைமை நம்ப வேணாம். கடையோட இன்ஸ்டாகிராம் பாருங்க, இல்லன்னா தங்கற இடத்து ஓனர்கிட்ட சொல்லி முந்தின நாளே ஒரு போன் பண்ணச் சொல்லுங்க, சந்தோஷமா பண்ணுவாங்க.

அதனால என்னோட முதல் யோசனை, ராத்திரி சாப்பாட்டைத் தங்கற இடத்துலயே முடிச்சுக்கங்க. குடும்பமா நடத்தற மின்ஷுகுலயும் கொஞ்சம் பெரிய ரியோகான்லயும் "ஒரு ராத்திரி, ரெண்டு சாப்பாடு"ன்னு சேர்த்தே ரேட் போடுவாங்க, சாதாரண மின்ஷுகுல ஒரு ஆளுக்கு 10,000 யென் சுத்தி வரும், ஓபோன்ல அதுக்கு மேல. சாயங்காலம் ஆறு மணிக்கு சாப்பாடு, காலைல ஏழரைக்கு சாப்பாடு, லேட்டா போனா வருத்தப்படுவாங்க, ஏன்னா அந்த ஓனரம்மாவே சமைச்சு அவங்களே பரிமாறுவாங்க. கிராமத்து நல்ல சாப்பாடு உண்மையில இங்கதான் இருக்கு, ரெஸ்டாரண்ட்ல இல்ல. தோட்டத்துக் கத்திரிக்காயை மிசோ (புளிக்க வச்ச சோயா விழுது) போட்டு வதக்கினது, காலைல பறிச்ச வெள்ளரிக்காய், ஆத்து மீன், சொந்த வயல் அரிசிச் சோறு, வீட்டு ஊறுகாய்னு பத்துப் பன்னெண்டு சின்னக் கிண்ணம் வரும். ஆனா மெனு கிடையாது, அவங்க குடுக்கறதுதான்.

இப்போ அம்மா விஷயம், இதுதான் பதிலோட நடுப்பகுதி. ஜப்பான் சமையல்ல மாமிசத்தைக் கண்ணால பாத்து ஒதுக்கறது சுலபம், தாஷியை ஒதுக்கறதுதான் கஷ்டம். தாஷின்னா காய்ஞ்சு இறுகின கட்சுவோ மீனைச் சீவி, பெரும்பாலும் கொம்பு கடல்பாசியும் சேர்த்து எடுக்கற சாறு. மிசோ சூப், சோபாவுக்குத் தொட்டுக்கற ட்ஸுயு, வேகவச்ச பூசணிக்காய், கீரைப் பொரியல் மாதிரி இருக்கற ஒஹிதாஷி, இனாரி சூஷியோட பொரிச்ச தோஃபு, எல்லாத்துலயும் அது இருக்கும். நீங்க "வெஜிடேரியன்"னு மட்டும் சொன்னா அந்த ஓனரம்மா நல்ல மனசோட கறியும் மீன் துண்டும் எடுத்துட்டு தாஷில வேகவச்ச காய்கறியைக் கொண்டு வந்து வைப்பாங்க, அவங்க கணக்குல அது காய்கறிதான். அதனால ஜப்பானிய மொழியில ஒரு அட்டை எழுதி வச்சுக்கங்க: கறி, மீன், இறால், முட்டை கூடாது, கட்சுவோ தாஷியும் கூடாது, கொம்பு தாஷியும் காளான் தாஷியும் ஓகே, பால், தயிர் ஓகே, மூணு பேர்ல ஒருத்தருக்கு மட்டும்தான் இது. கடைசி வரி முக்கியம், அது இல்லன்னா மூணு பேருக்கும் அதே சாப்பாடு வந்துடும். இதை புக் பண்ணும்போதே அனுப்பணும், வாசல்ல போய் நின்னு சொன்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது, ஏன்னா காலைலயே சாமான் வாங்கி முடிச்சிருப்பாங்க. சில இடம் "மன்னிக்கணும், எங்களால முடியாது"ன்னு பதில் போடும். அதைத் தப்பா எடுத்துக்காதீங்க, முடியாதுன்னு முன்னாடியே சொல்ற இடம் நல்ல இடம், தலையாட்டிட்டு தாஷி ஊத்தறதுக்கு இது எவ்வளவோ மேல்.

அம்மாவுக்காக உங்க பயணத்தை ஒசாகா கான்சாய் ஏர்போர்ட்ல ஆரம்பிச்சு முதல் ரெண்டு ராத்திரி கோயாசான்ல தங்கச் சொல்லுவேன். 9ஆம் நூற்றாண்டுல கூகாய்ங்கற துறவி அமைச்ச ஷிங்கொன் பௌத்த மடங்களோட மலை அது, கிட்டத்தட்ட 800 மீட்டர் உயரம், அதனால ஆகஸ்ட்லயும் ராத்திரி மூச்சு விட முடியும். ஐம்பதுக்கு மேல கோயில்கள்ல தங்க இடம் குடுக்கறாங்க, அங்க போடறது ஷோஜின் சமையல், கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயமும் மரபுப்படி சேர்க்க மாட்டாங்க, தாஷி கொம்பும் ஷீட்டாகே காளானும்தான். எள்ளை அரைச்சு குட்ஸு கிழங்கு மாவோட கிண்டி இறுக்கின கோமாதோஃபுவைக் கண்டிப்பா சாப்பிடுங்க, வாயில வச்சதும் கரையும், மேல ஒரு துளி வசாபி. பனியில உறைய வச்சு உலர்த்தின கோயாதோஃபுவும் இந்த மலைப் பேரைத்தான் வச்சிருக்கு, சாற்றை நல்லா உறிஞ்சிட்டு வரும். இங்க கூட புக்கிங்ல அட்டை விஷயத்தை அனுப்பி வைங்க, ஏன்னா தங்கற கோயில்களுக்குள்ள கட்டுப்பாடு வித்தியாசப்படும். 13ஆம் தேதி ராத்திரி ஒகுனோயின் கல்லறைப் பாதையில மெழுகுவத்தித் திருவிழா இருக்கறதால அன்னைக்கு ரூம் கிடைக்கறது கஷ்டம், 9, 10 ராத்திரி தங்கி 11 காலைல இறங்கிடறது நல்லது.

அங்கிருந்து நாகோயா வந்து கார் எடுத்து வடக்கே போங்க. கார் எடுத்ததும் உங்க வாழ்க்கையில மிச்சினோஎகி வந்துடும். ரோட்டோரம் அரசு பதிவு பண்ணி, பெரும்பாலும் உள்ளூர் நிர்வாகம் அமைக்கற இளைப்பாறும் இடம், 1993ல ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு நாடு முழுக்க 1,200க்கு மேல இருக்கு, ஹொக்கைடோவுக்கு அடுத்து அதிகமா இருக்கறது கிஃபுலதான். பார்க்கிங்கும் டாய்லெட்டும் 24 மணி நேரம், ஆனா கடைப்பகுதி அஞ்சு மணி வாக்குல மூடிடும். சுத்துவட்டாரத்து விவசாயிங்க காலைல பறிச்சதை பாக்கெட்ல தன் பேரோட ஸ்டிக்கர் ஒட்டி வச்சுட்டுப் போவாங்க. ஒன்பது மணிக்குப் போங்க, பதினொண்ணுக்கு மேல நல்லதெல்லாம் போயிடும். ஆகஸ்ட்ல ஹிதா தக்காளி, சோளம், வெள்ளரி, எடமாமே (பச்சை சோயா), பீச், ப்ளூபெர்ரி, எல்லாம் உச்சத்துல இருக்கற நேரம். ஜப்பான்ல பழம் விலைன்னு பயமுறுத்துவாங்க, அது பரிசுக்குக் குடுக்கற கறை இல்லாத பழத்தோட விலை, இங்க தோல்ல கொஞ்சம் வடு இருக்கற பீச் பாதி விலைக்குக் கிடைக்கும், ருசி அதேதான். ஒரு சின்னக் கத்தி வாங்கிக்கங்க, தங்கற இடத்துல நறுக்க உதவும் (விமானம் ஏறும்போது ஹேண்ட்பேக்ல வேணாம், செக்-இன் பெட்டியில). அம்மாவுக்கு காலைலயும் சாயங்காலமும் பாதிச் சாப்பாடு இங்கயே முடிஞ்சிடும். வழியில ஆளே இல்லாத தட்டிக் கடையும் வரும், பையில கத்திரிக்காய், பக்கத்துல காசு டப்பா, பெரும்பாலும் 100 யென், சில்லறை வச்சிருங்க.

முதல் ஊரு குஜோ ஹச்சிமான். ஓபோன் நேரத்துல, 13ல இருந்து 16 வரை இங்க ராத்திரி பூரா தெருவுல ஆடுவாங்க, யாரு வேணா வட்டத்துல சேரலாம். ஊருக்குள்ள தங்க இடம் இப்பவே தீர்ந்திருக்கும், அரை மணி நேரத் தூரத்துல பாருங்க. உங்க ரெண்டு பேருக்கும் இங்க ஆயு மீன். நகாரா ஆத்து நல்ல தண்ணியில பாறைமேல படியற பாசியைத் தின்னு வளர்ற, ஒரே வருஷம் வாழற மீன், பச்சையா முகர்ந்தா தர்பூசணி, வெள்ளரி வாசனை அடிக்கும், கேட்டா நம்ப மாட்டீங்க. இந்த நகாரா ஆத்து ஆயுவை 2015ல ஐநாவோட உணவு வேளாண் அமைப்பு உலக வேளாண் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு. உப்பு தடவி, குச்சியில வளைச்சுக் குத்தி, கரி நெருப்புல சுட்டுத் தருவாங்க. தலையில இருந்து வால் வரைக்கும் அப்படியே சாப்பிடணும், வயித்துக் கசப்பை எடுத்துப் போட்டுட்டா பாதி ருசி போச்சு, முதல் மீன்ல பிடிக்கலன்னா ரெண்டாவதுல பிடிச்சிடும். இன்னொண்ணு கெய்ச்சான், மிசோவுல ஊறப்போட்ட கோழியை முட்டைக்கோஸோட கல்லுல வதக்கறது, மாடு வேணாங்கறவங்களுக்கு கிஃபு மலைப்பக்கம் இதை மிஞ்சின துணை இல்ல. அம்மாவைக் கூட்டிட்டுப் போய் மிஸுபுனே தண்ணித் தொட்டிகளைக் காட்டுங்க, ஊத்துத் தண்ணி மேல்தொட்டியில குடிக்க, அடுத்ததுல காய்கறி கழுவ, கடைசியில பாத்திரம் அலம்ப, அதுல விழற சோத்தைக் கீழ இருக்கற மீன் தின்னும். அப்புறம் கடை வாசல்ல கண்ணாடிக்குள்ள வைக்கற போலிச் சாப்பாடு இருக்கே, அதைத் தொழிலா வளர்த்த இவாசாகி தகிஸோ இந்த ஊர்க்காரர், 1932ல ஒசாகாவுல கம்பெனி ஆரம்பிச்சார். மொழி தெரியாதவங்களுக்கு அந்தப் பொம்மைத் தட்டைக் காட்டி ஆர்டர் பண்றது பெரிய வசதி, என்ன, பொம்மைக்குள்ள தாஷி இருக்கா இல்லையான்னு மட்டும் தெரியாது.

அடுத்து தகயாமா. இங்க ஜாக்கிரதை, ஊரே ஹிதா மாட்டுக்கறிக்குப் பேர்போனது, தெருவுல விக்கற குரோக்கெட், பன், சூஷி எல்லாத்துலயும் அதுதான், மக்னோலியா இலைமேல சுடற ஹோபா மிசோவுலயும் கறி வச்சுடுவாங்க, கறி இல்லாம காளான், வெங்காயத்தோட கேட்டு வாங்குங்க. காலைல ஏழு மணி சுத்தி ஆத்தோரமும் பழைய அரசு மாளிகை ஜின்யா முன்னாடியும் சந்தை கூடும், மதியம் வரை. அங்க மிதராஷி தாங்கோ சாப்பிடுங்க. மத்த ஊர்ல இனிப்பு ஜீராவுல முக்கித் தர்ற அரிசி உருண்டை, தகயாமா பக்கம் சோயா சாஸ் தடவி சுட்டு, காரசாரம்னு சொல்ல முடியாது, உப்பும் புகை வாசனையுமா இருக்கும், அம்மாவுக்குக் கண்டிப்பா பிடிக்கும். கோஹெய் மோச்சியும் அதே வகை, சோத்தை இடிச்சுக் குச்சியில ஒட்டி, வால்நட் அரைச்ச மிசோவோ சோயாவோ தடவி சுடறது. ரெண்டும் பெரும்பாலும் சைவம்தான், அட்டையைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க.

தகயாமாவுல இருந்து 158ஆம் நம்பர் ரோட்டுல மலை தாண்டி மட்சுமோட்டோ இறங்கும்போது ஹாதா பக்கம் தர்பூசணி சீசன் முடியற நேரம், கண்ணுல பட்டா நிறுத்துங்க. நகானோல எல்லாரும் சோபா சாப்பிடச் சொல்லுவாங்க, நானும் சொல்றேன், ஆனா ஒரு விஷயம் யாரும் சொல்றதில்ல, ஆகஸ்ட் சோபாவுக்குச் சீசன் இல்ல. பெரும்பாலும் போன இலையுதிர்காலத்து அறுவடை மாவுதான் ஓடும், புதுசு அக்டோபர், நவம்பர்லதான் வரும். அப்பவும் டோகாகுஷி மலைமேல குளிர் தண்ணியில அலசி, சின்னச் சின்னக் கட்டா மூங்கில் தட்டுல வச்சுத் தர்ற சோபா வெயில் நேரத்துக்கு நல்லாவே இருக்கும். அம்மாவுக்கு ட்ஸுயு வேணாம்னு சொல்லி உப்பு கேளுங்க, வசாபியும் உப்பும் வச்சு சாப்பிடறது அங்கயும் உண்டு, சிரிக்க மாட்டாங்க. மூணு பேர்ல யாராவது இதுவரைக்கும் பக்வீட் (சோபா பண்ற தானியம்) சாப்பிட்டதே இல்லன்னா முதல்ல கொஞ்சமா சாப்பிட்டுப் பாருங்க, இந்த அலர்ஜி வந்தா கடுமையா வரும், ஜப்பான்ல லேபிள்ல கட்டாயம் போட வேண்டிய அலர்ஜிப் பொருள்ல இதுவும் ஒண்ணு. மாவுக்குள்ள கத்திரிக்காய், பூசணி, கீரை ஊறுகாய் வச்சு சுடற ஓயாகி இன்னும் பாதுகாப்பு, பூசணியும் இனிப்புப் பயறும் வச்சதை அம்மாவுக்கு எடுங்க, கீரை ஊறுகாய்ல சில சமயம் மீன் சாறு சேரும். ஆகஸ்ட் நடுவுல நகானோ சிட்டிப் பக்கம் கவானகாஜிமா பீச் வர ஆரம்பிக்கும், கெட்டியா, கடிச்சா சத்தம் கேக்கற ரகம், கூழா இருக்கணும்னு நினைக்கறவங்களுக்கு ஏமாற்றம், எனக்கு அதுதான் பிடிக்கும்.

கடை எதுவும் கிடைக்காத நாளுக்கு: எந்த சூப்பர்மார்க்கெட்லயும் மைக்ரோவேவ்ல சூடு பண்ற 200 கிராம் சோறு பாக்கெட்டும், 400 கிராம் பிளெயின் தயிர் டப்பாவும் இருக்கும், கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல வாங்கினா அங்கயே சூடு பண்ணித் தருவாங்க, தயிர் சாதம் ரெடி. ஃப்ளேவர் போட்ட தயிர் வேணாம், சிலதுல ஜெலட்டின் இருக்கும். ஓனிகிரில (சோத்து உருண்டை) வெறும் உப்பு போட்டது நல்லது, கொம்பு, உமே (ஊறுகாய்ப் பிளம்)ன்னு போட்டிருந்தாலும் பின்னாடி மீன் சாறு இருக்கலாம், போன் கேமரால மொழிபெயர்த்துப் பாருங்க. பெரிய ரோட்டோரத்துல நேபாளிக்காரங்க நடத்தற "இந்தியன் கர்ரி" கடை சின்ன டவுன்ல கூட இருக்கும், நான் ரொட்டி தலகாணி சைஸ்ல இனிப்பா வரும், ருசியைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல, ஆனா இந்தியில பேசி அம்மாவுக்கு வெறும் காய் போடச் சொல்லலாம். ஊர்ல இருந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எடுத்துட்டுப் போங்க. கறி சேர்ந்த எதுவும், மாம்பழமும், பச்சைக் கறிவேப்பிலையும் வேணாம், ஏர்போர்ட்லயே பிடுங்கிடுவாங்க.

குடிக்க பார்லி வறுத்துப் போடற முகிச்சா எல்லா இடத்துலயும் வரும், காஃபின் இல்ல, தைரியமா லிட்டர் கணக்குல குடிக்கலாம். மதியம் மூணு மணிக்கு எல்லாம் மூடியிருக்கற நேரத்துல காகிகோரி (சீவின ஐஸ்) கடை மட்டும் திறந்திருக்கும், மலைக்குளத்துல உறைஞ்ச இயற்கை ஐஸ்னு போட்டிருந்தா வரிசையில நிக்கலாம், மெல்லிசா சீவி மேல மாச்சாவும் (பச்சைத் தேயிலைப் பொடி) கண்டென்ஸ்டு மில்க்கும். அடுத்த வருஷம் தெற்கே போனா மியாஸாகில ஹியாஜிரு சாப்பிட்டுப் பாருங்க, சுட்ட மிசோ, எள், வெள்ளரி, தோஃபு கலந்த குளிர்ச்சாறைச் சோத்துல ஊத்தறது, பழைய சோத்துல மோர் விட்டு வெயிலைச் சமாளிக்கற அதே புத்தி. மீன் சேரும், அதனால உங்க ரெண்டு பேருக்கு மட்டும்.

கடைசியா நீங்க கேட்ட "ரெண்டு செட் வாங்கி மூணு பேர் ஷேர் பண்ணலாமா"வுக்கு: சின்னக் கடையில தலைக்கு ஒண்ணாவது ஆர்டர் பண்ணுங்க, அம்மாவுக்கு வெறும் சோறும் கட்சுவோ தூவாத குளிர் தோஃபுவும் சொன்னாலே போதும், இல்லன்னா மூணு சீட்டை அடைச்சுட்டு ரெண்டு தட்டுன்னு சங்கடப்படுவாங்க. டிப்ஸ் வைக்காதீங்க, துரத்திட்டு வந்து திருப்பிக் குடுப்பாங்க. கிராமத்துல கார்டு எடுக்காத கடை இன்னும் நிறைய, மலை ஏறறதுக்கு முன்னாடி செவன் இலெவன்லயோ போஸ்ட் ஆபீஸ்லயோ இருக்கற ஏடிஎம்ல யென் எடுத்து வச்சுக்கங்க. போஸ்ட் ஆபீஸ் மெஷின் சின்ன ஊர்ல சாயங்காலம் சீக்கிரம் மூடிடும்.